அம்மாள் மாற்றித் தந்த உமல்

அடியார்களே, புத்தகம் எழுதும் எண்ணம் எனக்குப் படகில் வந்தது. பட்டணத்துக்காரர் ஒருவர் கடலுக்குள் நின்ற பாம்புக்கல்லைக் காட்டி, "அதென்ன கதை?" என்றார். எங்கள் கோயில் அம்மாளுக்குப் பூக் கொண்டுவந்த நாகம் கருடனுக்குப் பயந்து சுற்றிக் கிடந்த கல் அது. அதற்கே ஐந்து பேர் ஐந்து கதை சொன்னார்கள்! எனக்குப் பொறுக்கவில்லை. நயினாதீவில் பிறந்து, நாலெழுத்தும் படித்த நான் கோயில் வரலாற்றை ஒழுங்காக எழுதி, ஆனித் திருவிழாவுக்குப் புத்தகமாக்குவேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடம் அலைந்தேன். கேட்ட இடமெல்லாம் "நாளைக்கு வாரும்" தான். ஒருவழியாக, எழுதிவந்த கொப்பி நிறைந்தது. வேறு பிரதி இல்லை. அச்சுக்கூடம் தந்த கடைசி நாளில் அதைப் பனையோலையில் இழைத்த பையான உமலில் வைத்துக்கொண்டு துறைக்குப் போனேன். கோயிலுக்கு வந்திறங்கியவர்கள் தங்கள் உமல்களை நிரையாக வைத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். நானும் வைத்தேன், புழுதிக் காலைக் கழுவினேன், தூக்கினேன், ஓடிப்போய் ஏறினேன்.

நடுக்கடலில் திறந்தால் தேங்காய்!

"அண்ணை, படகைத் திருப்புங்கோ!"

"திருப்பிறதுக்கு இதென்ன உம்மட சைக்கிளே? பேசாம இரும்," என்றார் படகோட்டி.

அக்கரை போய் அடுத்த படகில் திரும்பினேன். துறையில் ஒரு உமலும் இல்லை. கோயிலுக்குள் நின்று அம்மாளோடு சண்டையே பிடித்தேன். "உன்ர கதையைத்தானே எழுதினனான்? உனக்கே வேண்டாமெண்டா எனக்கேன்?" அழுகையும் வந்தது. அப்போதுதான் உமலின் அடியில் கை பட்டது. சின்ன வெள்ளி நாகம். குழந்தைச் சட்டை ஒன்றில் சுற்றியிருந்தது. யாரோ ஒரு தாயின் நேர்த்திக்கடன். அதை நான் கடல் தாண்டிக் கொண்டுபோய் வந்திருக்கிறேன்! வெட்கமாகப் போய்விட்டது.

"தாயே, என்ர கொப்பி போனாப் போகட்டும். இதை உரியவளிட்டச் சேர்த்துவிடு."

கண் திறக்கமுன் பின்னால் ஒரு குரல்.

"நீரே என்ர உமலைக் கொண்டு ஓடின ஆள்? அருச்சனைக்குத் திறந்தாத் தேங்காயில்லை, கொப்பி!"

இடுப்பில் பிள்ளையோடு ஒரு அனலைதீவு அக்கா. கையில் என் உமல்.

"இருந்து எல்லாம் வாசிச்சனான். கெட்டித்தனமாத்தான் எழுதியிருக்கிறீர். ஆனா நாகம் பூவோட வெளிக்கிட்டது எங்கட பக்கத்துப் புளியந்தீவில. நீர் அங்க வந்தனீரே?"

"இல்லை, அக்கா."

"பிறகென்ன வரலாறு? இங்க வந்து சேர்ந்தாப் பிறகுதான் உமக்குப் பாம்பு கண்ணில பட்டிருக்கு!"

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. அவர் நாகத்தை ஒப்புக்கொடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

அன்று மாலைக்குள் கொப்பி அச்சுக்கூடம் சேர்ந்தது. நாகத்தின் கதை வரும் முதல் நான்கு பக்கத்தை மட்டும், நான் திருத்தித் தருவதற்காக, முணுமுணுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அம்மாளிடம் கேட்கத் தயங்குகிறவர்களே, சண்டை பிடித்தாவது கேளுங்கள். கேட்கமுன், உங்கள் கையில் இருப்பது யாருடைய உமல் என்று ஒருக்கால் பாருங்கள்.

நாளை விடிய நான் அனலைதீவுக்குப் போகிறேன். புளியந்தீவிலிருந்து நாகம் வந்த வழியே கோயில்வரை வந்து பார்க்கவேண்டும். அக்காவின் புருஷன் வள்ளம் விடுகிறாராம். புதுக் கொப்பியையாவது மடியிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார் அக்கா.