பதிலடிக்கு இரண்டு குரல்

பதிலடி என்று சொன்னால் குழாய்ச் சாமான் கடைக்கு வரும் பிளம்பர்கள் எல்லோருக்கும் கவுன்டரில் நிற்கும் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கேட்பவர் வாய் மூடுவதற்குள் பதில் வந்து விழுந்துவிடும். "இந்த எல்போ பைப் எத்தனை வருஷம் வரும்?" என்று ஒருவர் கேட்டால், "நீங்க மாட்டினா நான் பொறுப்பில்ல, வேற ஆள் மாட்டினா காலத்துக்கும் வரும்" என்பார். வாங்கிக் கட்டிக்கொண்டவரும் சிரித்துக்கொண்டேதான் போவார்.

அந்தக் குரல்வளையைத்தான் போன வருஷம் புற்றுநோய் என்று டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, பேச்சு போனது.

அதன் பிறகு அவருக்காகப் பேசியது ஒரு லேப்டாப். மகள் புதிது வாங்கிக்கொண்டு வீட்டில் விட்டுப்போன பழசு. அடித்து என்டர் தட்டினால் ஒரு பெண் குரல் வாசிக்கும். நல்ல குரல், குளிர்ந்த குரல். கேட்டால் கோபக்காரன்கூட உட்கார்ந்துவிடுவான். ஆனால் அது வந்தால்தானே! பாவம், அந்தப் பெட்டிக்கு வயதாகிவிட்டது. என்டர் தட்டியதும் திரையில் வட்டம் சுற்றும், விசிறி இரையும், அதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். கார் கழுவ வாளியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் "மழை வரும்போல இருக்கே" என்று அலுத்துக்கொண்டார். அதற்கு இவர் அடித்த பதில், அந்த மனிதர் தன் மாமியாரைத் தீவிர சிகிச்சையில் சேர்த்திருப்பதாகச் சொல்லும்போது வெளியே வந்தது: "நல்லதாப் போச்சு, உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்!" அன்றிலிருந்து அவர் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

போனில் அடிக்கலாமே என்று எல்லோரும் யோசனை சொன்னார்கள். பைப் திருகியே தடித்துப்போன விரல் அது. ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழும்.

இந்த நிலையில்தான் கடை முதலாளி ஆள் அனுப்பாமல் தானே வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, திங்கக்கிழமை ஒரு நாள் கவுன்டர்ல நின்னு பாருங்க. சரிப்பட்டா பழையபடி அங்கேயே இருங்க. இல்லன்னாலும் ஒண்ணும் கவலையில்ல, குடோன்ல சரக்கு அடுக்குற வேலை இருக்கு."

குடோன்! ஜன்னல் கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. வால்வுகளோடு என்ன பேசுவது? அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடினார். அங்கிருந்த அம்மா மூடியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"புது சிஸ்டம் ஏத்தினா இது மூச்சு முட்டிச் செத்துடும். லினக்ஸ்னு வேற சிஸ்டம், அதுல லேசான வகை ஒண்ணு இருக்கு, பென் டிரைவ்ல போட்டுத் தரேன். மொதல்ல அதுலயே ஓட்டிப் பாருங்க. பிடிச்சா உள்ளே ஏத்துங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, ஏத்தினா பழசு எல்லாம் அழிஞ்சுடும், அந்தக் குரலும் போயிடும். ஏத்தும்போது வேற எதையும் தொடாதீங்க."

வீட்டில் பென் டிரைவைச் செருகி ஓட்டினார். தட்டிய மாத்திரத்தில் பேச்சு வந்தது. அவர் துள்ளி எழுந்தேவிட்டார். ஆனால் அது பேச்சா? தகர டப்பாவுக்குள் யாரையோ அடைத்துவைத்த மாதிரி ஒரு கரகரப்பு. அடுப்படியிலிருந்த மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க இது? பழசே இருக்கட்டுமே. எவ்வளவு நல்லாப் பேசுது!"

அங்கே பிடித்தது சனியன். கடையை நினைத்தால் புதுசு, மனைவி முகத்தைப் பார்த்தால் பழசு. பென் டிரைவைச் செருகுவதும் பிடுங்குவதுமாக இரண்டு நாள் போயிற்று. இந்தக் குரலைக் கேட்டு வாடிக்கையாளர் சிரித்தால்? அந்தக் குரலுக்குக் காத்திருக்காமல் பக்கத்து ஆளிடம் போய்விட்டால்? முழுசாக ஏத்தும்போது பாதியில் நின்று, இரண்டும் இல்லாமல் போய்விட்டால்?

ஞாயிறு மாலை, வேறு வழியில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு 'நிறுவு' பொத்தானைத் தட்டினார். எல்லாம் அழிக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்றார். நீலக் கோடு ஒன்று நகரத் தொடங்கியது. நகர்ந்தது, நின்றது, அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டார், மறுபடி நகர்ந்தது.

மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்போ அந்தக் குரல் போயிடுச்சா?"

தலையசைத்தார். சமாதானமாக ஏதாவது எழுதலாம் என்று பேனாவைத் தேடினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க. கேளுங்க. அந்தக் குரல் நல்லா இருக்குன்னு வாய்க்குத்தான் சொன்னேன். அது லேட்டா வருதுன்னுதான் வேணும்னேன். கல்யாணமான நாள்லேர்ந்து நான் ஒரு பேச்சை ஆரம்பிச்சா, நீங்கதான் முடிச்சிருக்கீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிச்சுடுவேன். என் பேச்சு அங்கேயே நின்னுடும். இந்த ஒரு வருஷமா அந்த வட்டம் சுத்துற நேரம்தான் எனக்குக் கிடைச்சது. அந்தக் கொஞ்ச நேரத்துலதான் நான் பேசிப் பழகினேன்."

அவருக்கு முகம் வெளிறியது. விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று பார்த்தார். இல்லை.

"ஆனாலும் பெரிய பேச்சுக்கு அந்த நேரம் பத்தல. ஆபரேஷன் அன்னைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. உயிர் வேணும்னா குரல் போகும், சம்மதமான்னு. நீங்க மயக்கத்துல இருந்தீங்க. உங்களுக்கு வாய்தான் எல்லாம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். போட்டுட்டு..."

லேப்டாப் பீப் என்றது. திரை அணைந்து, புதிதாய் எழுந்தது. அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். இனி தாமதம் இல்லை, பதில் வந்து விழும் என்று தெரிந்தவளாக எழுந்து அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

அவர் லேப்டாப்பை இழுத்துக்கொண்டார். தப்பும் தவறுமாக அடித்து என்டர் தட்டினார். கண நேரம்கூட ஆகவில்லை, தகரக் குரல் கரகரத்தது.

"போட்டுட்டு என்ன பண்ணினே?"

அவள் நின்ற இடத்திலேயே அழுதாள். அழுதுகொண்டே சொல்ல ஆரம்பித்தாள். அவர் விசைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.