வெட்டாமல் அனுப்பவேண்டிய வீடியோ

ட்ரம்ஸ் படிப்பிப்பது, ஊரே கேட்கப் பிழைவிடுகிற தொழில். மதுரங்குளியில் ஒரு தையல்கடைக்கு மேல்மாடியில் பல வருசமாக அதைச் செய்துகொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் ஒன்று முதல் எட்டு வரையான தரச் சோதனைக்குப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போவோம். வெளிநாட்டுப் பரீட்சகர் ஒருவர் மேசைக்குப் பின்னால் இருப்பார். இப்போது வீடியோ எடுத்து அனுப்பினால் போதும். பெயரையும் தரத்தையும் சொல்லிவிட்டு, மூன்று பாட்டையும் நிறுத்தாமல் வாசிக்கவேண்டும். இடையில் வெட்டக்கூடாது. யாரும் சொல்லிக்கொடுக்கக்கூடாது. கேட்க இலகுவாகத்தான் இருக்கிறது. நேரில் போனால் ஒருமுறை நடுங்கினால் போதும். வீடியோவுக்கு முன்னால், பிழைத்தால் திரும்பத் திரும்ப எடுத்து, நாற்பது முறை நடுங்கலாம். பிள்ளைகளுக்கு எதையாவது படிப்பித்துப் பார்த்தவர்களுக்கு மிச்சம் சொல்லாமலே விளங்கும். ஆனாலும் சொல்கிறேன்.

முகமும் பாதமும்

முகம், கைகள், பாதங்கள் எல்லாம் ஒரே படத்தில் தெரியவேண்டும் என்பது சட்டம். என் அறையில் ட்ரம்ஸை வைத்தால் மிச்சம் இருப்பது கதவு திறக்கிற அளவு இடம். ஃபோனைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் கால் தெரிந்தால் தலை இல்லை. கடைசியில் கதவைக் கழற்றி, படிக்கட்டின் தலைப்பில் ஒரு கதிரையை வைத்து, அதில் ஃபோனைக் கட்டினோம். வெளியே போக வழியில்லாமல் முக்கால் மணித்தியாலம் எல்லோரும் உள்ளே. வாசித்த பிள்ளையின் வாப்பா லொறி ஓட்டுகிறவர். பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “ஸேர், கையாலயும் காலாலயும் தானே அடிக்கிறா, முகத்துக்கு என்னத்துக்கு மார்க்ஸ்?”

ஹோன் பகுதி

என்னிடம் படிக்கிற தர்ஷினி மிஸ் வங்கியில் வேலை. நாலாந்தரத்துக்கு வீடியோ எடுக்க ஒருநாள் லீவு போட்டு வந்திருந்தார். இரண்டு பாட்டு பிசகில்லாமல் போனது. மூன்றாவதில் மெதுவாக வாசிக்கிற இடம் வந்ததும், கீழே மீன்காரர் அந்தோனி அண்ணன் மோட்டார்சைக்கிளில் ஹோன் அடித்துக்கொண்டு வந்தார். மிஸ்ஸின் முகம் கறுத்தது, கை நிற்கவில்லை. திரும்ப எடுக்க இன்னொரு லீவு இல்லை. அதையே அனுப்பினோம்.

பாஸ். மூன்றாவது பாட்டுக்குக் கீழே பரீட்சகர் எழுதியிருந்தார்: ‘ஹோன் சேர்த்த இடம் துணிச்சலான தெரிவு.’ மறுநாள் அந்தோனி அண்ணனிடம் விசயத்தைச் சொன்னேன். சூரை மீனை வெட்டிக்கொண்டிருந்த கத்தியை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னார்: “அப்ப எனக்கும் ஒரு சேட்டிபிக்கட் வரவேணுமே, மாஸ்டர்!”

வெள்ளைக்காரனுக்குத் தெரியுமா?

தில்லையடியிலிருந்து வருகிற அக்கா தங்கச்சி நுஹாவும் சீனத்தும். தங்கச்சி சீனத்துக்குப் பத்து வயது, இரண்டாந்தரம். வீட்டில் நன்றாக வாசிப்பாள். ஃபோனைக் கண்டால் குச்சி கையிலிருந்து பறக்கும். அனுப்பவேண்டிய கடைசி நாள் பின்னேரம் வரை ஒரு வீடியோவும் சரிவரவில்லை. மகள் பாஸ் என்று அவர்களுடைய உம்மா சொந்தக்காரருக்கெல்லாம் ஏற்கனவே சொல்லிவிட்டார்.

“நுஹா இரிந்து வாசிக்கட்டும் ஸேர். அங்கால இரிக்கிற வெள்ளைக்காரனுக்கு என்ட மகள்மாரு ரெண்டுபேரும் ஒரே மாதிரித்தான்” என்றார்.

‘அது பிழை’ என்று நான் சொன்னேன். என் காதுக்கு மட்டும் கேட்கிற சத்தத்தில். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

நுஹா போய் உட்கார்ந்தாள். வீடியோ ஓடத் தொடங்கியது. “என்ட பெயர் நுஹா. இது தங்கச்சிட சோதின. உம்மா சொன்னதால நான் வாசிக்கிறன்” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, மூன்று பாட்டையும் அருமையாக வாசித்தாள். முதலில் சிரித்தது சீனத். சிரித்துக்கொண்டே அக்காவை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தாள். இரண்டு இடத்தில் பிழை, ஆனால் குச்சி விழவில்லை. அதை அனுப்பி, மட்டுமட்டாகப் பாஸ் எடுத்தாள். முடிவு வந்த அன்று உம்மா தொதல் இனிப்பு கொண்டுவந்து தந்துவிட்டுச் சொன்னார்: “பொய் சொல்லக்கூடாதெண்டு பிள்ளைகளுக்குப் படிப்பிச்சது எங்கட பிழைதான், ஸேர்.”

மருந்து

ஊருக்கே அண்ணன் முறையான ஹனிபா காக்கா உப்பளம் வைத்திருப்பவர். ஐம்பத்தெட்டு வயதில், நெஞ்சு ஒப்பரேசன் முடிந்த பிறகு என்னிடம் ட்ரம்ஸ் பழகத் தொடங்கினார். “ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கக்குள்ள, ஆசப்பட்டது ஒண்டையும் செய்யல்லயே எண்டு அழுகை வந்திச்சி” என்றார். படியேறக்கூடாது என்பதால் அவர் வீட்டு ஹோலில் வீடியோ எடுத்தோம். மூன்றாவது பாட்டின் நடுவில், குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி ஆயிஷா ராத்தாவின் சத்தம்: “மருந்து போட்டீங்களா?” தாளம் தவறாமல் காக்கா இல்லையென்று தலையாட்டினார்.

திரும்ப வாசிக்க ராத்தா விடவில்லை. அது சொல்லிக்கொடுத்தது அல்ல, மருந்து விசயம் என்று ஒரு கடிதம் எழுதி வீடியோவோடு அனுப்பினேன். முடிவு வரும்வரை காக்கா தினமும் ஃபோன் எடுத்தார். வந்தது: பாஸ். ‘கவனம் சிதறாமல் வாசித்தார்’ என்றும் இருந்தது. காக்கா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். ராத்தா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கவனமாம்! அண்டைக்கு மருந்து போடல்ல எண்டதையும் எழுதியிரிக்கா?”

இத்தனைக்கும் பிறகு எனக்கு விளங்கியது, வாசிக்கிறவருக்கு எட்டுத் தரம் வகுத்தவர்கள் என்னைப்போல வீடியோ எடுக்கிறவனுக்கு ஒரு தரமும் வகுக்காமல் விட்டது அவனுடைய மானத்தைக் காப்பாற்றத்தான் என்பதே.