உண்ணாமலை நிறுத்திய சுவிட்ச்

உண்ணாமலைக்கு நாற்பத்து நான்கு வயது. அடி அண்ணாமலையில் வீடு. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு அருகே உள்ள ஸ்டாண்டில் பதினான்கு வருஷமாக டீசல் ஆட்டோ ஓட்டுகிறாள். அந்த ஸ்டாண்டுக்கு வந்த முதல் பெண் அவள்தான். வரிசையில் இடம் பிடிக்கவே எட்டு மாதம் ஆண்களோடு சண்டை போட வேண்டியிருந்தது. வாய்க்கு வந்தபடி பேசிய ஒருவனை நடுரோட்டில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்த கதையை இன்றும் சொல்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மதிவதனி வந்தாள். வேங்கிக்கால்காரி, பி.காம் படித்தவள், வயது இருபத்தாறு. கொண்டுவந்தது மின்சார ஆட்டோ. ஆண்கள் முகம் சுளித்தபோது உண்ணாமலைதான் குரல் கொடுத்தாள். "அதுவும் நம்மள மாதிரி பொழைக்கத்தான வந்துருக்குது? எடம் விடுங்கடா." ஒரே நாளில் மதிவதனிக்கு இடம் கிடைத்தது.

அந்தச் சுலபம்தான் பிற்பாடு உண்ணாமலையை உறுத்தத் தொடங்கியது.

ஆறு வருஷமாகக் குளிர்காலம்தோறும் அவள் வண்டியிலேயே போய்வந்த ஜெர்மன்காரம்மா, அந்த மார்கழியில் மதிவதனியின் வண்டியில் ஏறினாள். புகை இல்லை, சத்தம் இல்லை என்று கையாலேயே ஜாடை காட்டிச் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் உண்ணாமலை தன் புடவைத் தலைப்பை முகர்ந்து பார்த்தாள். டீசல் நாற்றம். இத்தனை வருஷமும் அவள் மூக்குக்கு அது எட்டியதே இல்லை.

பிறகு கலெக்டர் ஆபீசில் ஆட்டோக்காரர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. பூமி சூடாகிக்கொண்டே போகிறது, வண்டிப் புகையும் அதற்கு ஒரு காரணம், எல்லோரும் மின்சார வண்டிக்கு மாற வேண்டும் என்று ஓர் அதிகாரி விளக்கினார். மதிவதனியை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். "ஆட்டோ ஓட்ட வரும் பெண்களுக்கெல்லாம் இவர்தான் முன்னோடி" என்றார். நாலாவது வரிசையில் உண்ணாமலை உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த ஸ்டாண்டு ஆட்டோக்காரன் வல்லரசு, "இன்னாக்கா, நீ அப்ப யாரு?" என்று சிரித்தான். அவள் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாள்.

மறுவாரம் ஒரு மத்தியானம். ஸ்டாண்டை ஒட்டிய அப்பாதுரையின் டீக்கடைச் சுவரில் வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு மதிவதனி சாப்பிடப் போயிருந்தாள். கை கழுவப் போன உண்ணாமலை சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. சுவிட்சை நிறுத்தினாள். ஒயர் செருகியது செருகியபடியே இருந்தது.

மதிவதனி திரும்பி வந்தபோது சவாரி காத்திருந்தது. ஒரு பெரியவரும் அவர் மகளும் அடி அண்ணாமலையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும். அவசரத்தில் சுவிட்சைப் பார்க்காமலே ஒயரை உருவினாள். சார்ஜ் கம்மியாக இருந்தது. நடுவில் கரண்ட் போயிருக்கும், அங்கே போய்ச் சேரும்வரை தாங்கும் என்று நினைத்துக் கிளம்பிவிட்டாள். கிரிவலப் பாதையில் பாதி தூரத்தில் வண்டி நின்றது.

கால் மணி நேரம் கழித்து அந்த வழியாகக் காலி ஆட்டோவில் உண்ணாமலை வந்தாள். வெயிலில் நின்றிருந்த மதிவதனியின் முகத்தைப் பார்க்க அவளுக்கு உள்ளூர இனித்தது. பெரியவரையும் மகளையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

வண்டி நகர்ந்ததும் பெரியவர் மகளிடம் எரிந்து விழுந்தார். "பொம்பள ஓட்டற வண்டில ஏற வேணாம்னு அப்பவே சொன்னனா இல்லியா? இப்ப பாரு, மறுபடியும் ஒரு பொம்பளகிட்டயே மாட்டிக்கினோம்."

உண்ணாமலை வண்டியை ஓரங்கட்டினாள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. வண்டியிலயும் தப்பு இல்ல. சார்ஜ் ஏறவிடாம சுவிட்ச நிறுத்தனது நானு."

அவர்களை நிச்சயதார்த்த வீட்டில் இறக்கிவிட்டு, காசு வாங்காமல் திரும்பி வந்து, அதையே மதிவதனியிடமும் சொன்னாள்.

மதிவதனி கேட்டாள்: "நீங்கதானக்கா எனக்கு எடம் வாங்கிக் குடுத்தீங்க. ஏங்க்கா?"

"உன்னப் பார்த்தா வயிறு எரியுது. வேற இன்னா சொல்றது."

உண்ணாமலை கயிறு கட்டி மின்சார ஆட்டோவை ஸ்டாண்டு வரைக்கும் இழுத்து வந்தாள். அன்றிலிருந்து மதிவதனி வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டாள். 'அக்கா' என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று.

அடுத்த தை மாதம் உண்ணாமலை டீசல் வண்டியை விற்றுவிட்டு மின்சார ஆட்டோ வாங்கினாள். முதல் நாள் அவள் வண்டியின் திரையைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தபோது மதிவதனி தானாகவே வந்து நின்றாள். "சார்ஜ இருவது பர்சென்ட்டுக்குக் கீழ எறங்க விடாதீங்க. பேட்டரி சீக்கிரம் போயிடும்." அவ்வளவுதான். போய்விட்டாள்.

இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், வேண்டிய அளவுக்கு மட்டும். மதிவதனி வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் கலகலவென்று பேசும்போது மட்டும், உண்ணாமலை வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.