முழங்கால் தண்ணீரில் புதுக் கமரா

பின்னோக்கி நடந்த என் சப்பாத்துக்குள் வாவித் தண்ணீர் புகுந்ததும் அப்பாவின் ஞாபகம் வந்து எரிச்சல் கூடியது. அவருடைய கமராவில் ஜூம் கிடையாது. மண்டூர்க் கரையில் எங்களைக் கண்கூசும் வெயிலில் நிறுத்திவிட்டு, எல்லோரும் படத்துக்குள் அடங்கும்வரை சாரத்தை மடித்துக்கட்டியபடி தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருப்பார். "போதும், விழப்போறீங்க!" என்று அம்மா கத்துவார்.

நானோ மாதக்கணக்கில் யோசித்து, அகலமாக எடுக்கும் பழைய கமராவைக் கொடுத்துவிட்டு, அக்கரைக் கொக்கின் கண்ணையும் காட்டும் இதை வாங்கியிருந்தேன். இன்று அக்காவின் குடும்பம் இதற்குள் அடங்கவில்லை. முழங்கால்வரை நனைந்துவிட்டேன்.

"இதுக்கா புதுசு வாங்கின நீ?" என்றார் கரையில் கதிரையில் இருந்த அம்மா.

"இது முப்பது மடங்கு கிட்ட இழுக்கும், அம்மா!"

"இழுக்கிறது கிடக்கட்டும் மகன், தள்ளுமா?"