எட்டாமல் வைத்த ரொட்டி

பதுளைக் கடைவீதியில் துணி வாங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து வண்டிக்காரர் வந்து, வெள்ளையம்மாள் விடியற்காலையில் இறந்துபோய்விட்டார் என்றார். துணியைப் போட்டுவிட்டு வண்டியேறினேன். பூனாகலைத் தோட்டம் வரும்வரை ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஏற்றம் வந்த இடமெல்லாம் இறங்கி மாடுகளுக்கு முன்னால் நடந்தேன். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்றை இரண்டு வருடமாகக் கேட்காமலே வைத்திருந்தேன்.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போனபின் பிள்ளைக்காம்பராவில் அவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் என்றே உங்களில் பலர் அவரை அறிவீர்கள். என் மகள் செல்லம் தாயில்லாப் பிள்ளை. மூன்று வயதாகியும் உட்காரமாட்டாள், எதையும் பிடிக்கமாட்டாள். வைத்தியர் கையை விரித்துவிட்டார். வெள்ளையம்மாளோ பழைய கொழுந்துக் கூடையைப் பாதியாக அறுத்து, உள்ளே கந்தல் திணித்து, அவளை நிமிர்த்தி உட்கார வைத்தார். தினமும் தேயிலைக் கொழுந்தை அவள் விரலிடுக்கில் வைத்துக் கிள்ளப் பழக்கினார்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான நான் ஒருநாள் வேலைக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். செல்லம் கூடைக்குள் அழுதுகொண்டிருந்தாள். ரொட்டித் துண்டு அவள் கைக்கு எட்டியும் எட்டாமலும் இருந்தது. வெள்ளையம்மாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. பிள்ளையைப் பட்டினி போடுகிறீர்களா என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு போய் நானே ஊட்டினேன்.

மறுநாள் அவரே என் வாசலுக்கு வந்தார்.

"ஐயா, நீங்க ஊட்டுனா உங்க கைதான் பழகும். பிள்ளை கை எப்பப் பழகும்?"

நான் கதவைச் சாத்திவிட்டேன். இரண்டு மாதம் வீம்பு. அதற்குள் செல்லத்தின் விரல்கள் கிள்ளுவதையே மறந்துவிட்டன. கடைசியில் மன்னிப்புக் கேட்காமலே பிள்ளையைக் கொண்டுபோய் அவரிடம் விட்டேன். அவர் மூலையிலிருந்த கூடையை எடுத்துத் தூசி தட்டினார். பல மாதம் கழித்துச் செல்லம் தானாக ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனபோது, "அழாதீங்க ஐயா, பிள்ளை பயந்துக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அவர் குடியிருந்த லயத்தை நான் அடைந்தபோது வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செல்லமும் தட்டுக்குக் கை நீட்டினாள். அரிசி நழுவியது. மறுபடியும் நழுவியது. உதவ வந்த பெண்ணை வேண்டாம் என்று தடுத்துவிட்டு, என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாம் முறை நாலைந்து மணி அந்த வாயில் விழுந்தது.

மன்னிப்பை இனி யாரிடம் கேட்பது? அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கட்டிய கைகள்தான். மகள் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவை பரபரக்கின்றன. அவிழ்க்காமல் நிற்கிறேன்.