செருப்புக்கு அடித்த லாடம்

டக், டக், டக் என்று பீம்புரா சந்துக்குள் சத்தம் கேட்டதும் பால்காரர் சைக்கிளைச் சுவரோரம் ஒதுக்குகிறார். பொழுது இன்னும் முழுதாக விடியவில்லை, மழை வேறு தூறுகிறது. குதிரைக் காலில் மிதிபடுவதற்கு யாருக்கு ஆசை? ஆனால் வளைவு திரும்பி வருவது குதிரை அல்ல, தஸ்தகீர். வெள்ளைப் பைஜாமா, தோளில் சாக்குப்பை, காலில் தடித்த தோல் செருப்பு. இரண்டு செருப்பின் அடியிலும் முனைப் பக்கமாக அரை வட்ட லாடத் துண்டு அறைந்திருக்கிறது. "ஒதுங்க வேணாம் பாய், நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். நேற்றும் இதையேதான் சொன்னார். பால்காரர் நேற்றும் ஒதுங்கினார்.

புனே பந்தய மைதானத்தில் லாடம் அடிக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் உண்டு. தன் சரக்கைத் தானே மாட்டிக்கொண்டு நடந்து பார்க்கிறவர் தஸ்தகீர் ஒருவர்தான். பூல்கேட் வழியாக மைதானத்துக்கு, மத்தியானம் திரும்பி வீட்டுக்கு, சாயங்காலம் காரணமே இல்லாமல் எம்பிரஸ் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மட்டும் வேறு செருப்பு. அதுவும் பள்ளிவாசல்காரர்கள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டதால்.

மனிதன் எடையும் குதிரை எடையும் ஒன்றா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தயாராகக் கணக்கு வைத்திருக்கிறார். அவர் அறுபத்திரண்டு கிலோ. குதிரை ஏழு தஸ்தகீர். ஆகவே குதிரை ஒரு நாள் நடப்பதை அவர் ஏழு நாள் நடந்தால் சரியாகப் போயிற்று. குதிரைக்காரன் தோண்டிபா ஒருமுறை, "அதுக்கு நாலு காலு, உங்களுக்கு ரெண்டுதானே பாய்?" என்று கேட்டுவிட்டான். தஸ்தகீர் அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் வந்து, "நீ சொன்னதும் ஞாயம்தான். இனிமே மூணரை நாள் நடந்தாப் போதும்" என்றார். தோண்டிபா அதற்குப் பிறகு கணக்குப் பக்கமே போவதில்லை.

அவர் யார் முகத்தையும் முதலில் பார்க்க மாட்டார். காலைப் பார்ப்பார், காலில் இருப்பது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார், அதற்குப் பிறகு வேண்டுமானால் முகம். குதிரைப் பயிற்சியாளர் நோஷிர் சேட்டின் வலது பூட்ஸ் குதிகாலை ஒரு நாள் உற்றுப் பார்த்துவிட்டு, "சேட், முழங்கால டாக்டர்கிட்டக் காட்டுங்க" என்றார். சேட்டுக்கு அதற்கு அடுத்த மாதம்தான் வலியே வந்தது. தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வாசலில் கழற்றிவிட்ட செருப்பைப் புரட்டிப் பார்த்து, இரண்டும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது, பையன் நல்லவன், முடித்துவிடலாம் என்று சொன்னதும் இவர்தான். செருப்பு மாப்பிள்ளையின் சித்தப்பாவுடையது என்று பிறகு தெரிந்தது. நல்லவேளை, பையனும் நல்லவனாகவே இருந்துவிட்டான்.

வேலை நடக்கும்போது அவர் வாயில் எப்போதும் நாலைந்து லாட ஆணிகள் இருக்கும். உதட்டில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். அதனால் காலை வேளையில் தஸ்தகீரிடமிருந்து 'ம்' தவிர வேறு பதில் கிடைக்காது. நோஷிர் சேட்டுக்கு இது மெத்த வசதி. பார்சிக்காரர், வாய் நிறைய வசவு. காலையில் யாரையாவது திட்டாவிட்டால் அவருக்கு டீ இறங்காது. தஸ்தகீர் குனிந்து குளம்பைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டதும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பித்துத் திட்டித் தீர்ப்பார். ம். ம். இருவருக்கும் இருபத்தாறு வருடச் சிநேகம்.

அந்தச் சேட் இந்தப் பந்தயப் பருவத்தின் நடுவில் ஒரு நாள் திட்டாமல் வந்து உட்கார்ந்தார். தஸ்தகீர் ஓங்கிய சுத்தியலை இறக்கினார்.

விஷயம் சப்ஜாவைப் பற்றியது. நாலு வயதுப் பெண் குதிரை, கறுப்பில் சாம்பல் கலந்த நிறம். காற்றாக ஓடுவாள். ஆனால் குளம்பு மட்டும் அப்பளம். மற்ற குதிரைகளுக்குத் தினப்படி பயிற்சிக்கு இரும்பு லாடம், பந்தயத்துக்கு முதல் நாள் அதைக் கழற்றிவிட்டு இலேசான அலுமினிய லாடம், பந்தயம் முடிந்ததும் மறுபடி இரும்பு. இதுதான் வழக்கம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காலுக்கு ஆறு ஆணி. நல்ல குளம்பு இதையெல்லாம் தாங்கும், ஓட்டை வளர்ந்து கீழே இறங்கிவிடும். சப்ஜாவின் முன்னங்கால் குளம்புகள் ஏற்கெனவே சல்லடை. அவளுக்கு எப்போதும் ஒரே லாடம்தான் கட்டும். இரும்பைப் போட்டு ஓடவிட்டால் கால் கனத்துப் பின்தங்கிவிடுவாள். அலுமினியத்தைப் போட்டுத் தினம் நடக்கவிட்டால் பத்தே நாளில் முனை தேய்ந்து தகடாகிவிடும். அவளுடைய அடுத்த பந்தயத்துக்கோ மூன்று வாரம் இருந்தது.

சேட் நிதானமாகவே சொன்னார். "இந்தப் பந்தயத்துல நாலு லாடத்தோட ஓடி முடிச்சா இருக்கட்டும். கழண்டுதுன்னா மாத்தேரானுக்கு அனுப்பிடறேன். குதிரையோட முதலாளியும் சரின்னுட்டார்."

மாத்தேரான் மலையில் குதிரைகள் சுற்றுலா வந்தவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் நாள் முழுக்க ஏறி இறங்கும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் வெறும் ஆளே வழுக்கி விழுவான். சப்ஜாவின் குளம்பு அங்கே ஒரு மாதம் தாங்காது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற தோண்டிபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். தஸ்தகீர் வாயிலிருந்து ஆணிகளை எடுத்துவிட்டு, அலுமினிய லாடத்தின் எடையில் எத்தனை கிராம் வரை கூடலாம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பத்து, அதற்கு மேல் ஒரு குன்றிமணி கூடாது என்றார் சேட்.

அன்று தொடங்கியது வேலை. அலுமினிய லாடத்தின் முனையில்தானே தேய்கிறது, அங்கே மட்டும் மெல்லிய இரும்புப் பட்டை ஒன்றை இரண்டு சின்ன ஆணியால் அறைந்துவிட்டால்? அறைந்தார். நகைக்கடைத் தராசில் எடை போட்டார், எட்டுக் கிராம் கூடியிருந்தது. தன் செருப்பிலும் அதே மாதிரி அறைந்துகொண்டு கணக்குப்படி மூன்றரை நாள் நடந்தார். பட்டை அசையவில்லை. உச்சி குளிர்ந்துபோய் சப்ஜாவுக்கு அடித்தார். ஆறாம் நாள் தோண்டிபா உள்ளங்கையில் ஒரு இரும்புத் துண்டை ஏந்திக்கொண்டு வந்தான். இடது காலின் பட்டை பெயர்ந்து விழுந்துவிட்டது. ஆணி அடிக்க அந்தக் குளம்புகளில் இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் இடம் பாக்கி.

தஸ்தகீர் லாடத்தைக் கழற்றாமல், அவள் முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது லாடம் அழகாக, நடந்து தேய்ந்தது போல் தேய்ந்திருந்தது. இடதில் முனை மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். இவள் எங்கேயோ நின்று தரையைச் சுரண்டுகிறாள், எங்கே என்று கேட்டார். தோண்டிபா கண்டோபா சாமி மேல் சத்தியமாகத் தெரியாது என்றான். தஸ்தகீர் அவன் செருப்பைப் பார்த்தார். பின் வாசல் டீக்கடையின் சிமெண்ட் தூள் அதில் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை அவர் டீக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டார். பயிற்சி முடிந்து வந்த தோண்டிபா சப்ஜாவைச் சிமெண்ட் தரையில் நிறுத்தி ஒரு டீ சொன்னான். டீ வருவதற்குள் அவள் இடது முன்னங்காலால் சர் சர்ரென்று சுரண்ட ஆரம்பித்தாள். இவன் காரி பிஸ்கட் ஒன்றை வாங்கிப் பாதியை ஒடித்து அவள் வாயில் வைக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை. பிறகு மீதிப் பாதிக்காக மறுபடியும் சர் சர்.

பந்தயக் குதிரைக்குப் பிஸ்கட் கொடுக்கிற விஷயம் சேட் காதுக்குப் போனால் தோண்டிபாவின் கதை முடிந்தது. தஸ்தகீர் முன்னால் வந்து நின்றதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. இனிமேல் இந்தப் பக்கமே கூட்டி வர மாட்டேன் என்று கும்பிட்டான். தஸ்தகீர் இன்னொரு காரி வாங்கி அவளுக்குக் கொடுத்தார்.

"அவளுக்கு இருக்கிறதே இந்த ஒரு சுகம். அதை எதுக்கு நிறுத்தற? லாடம் மாறட்டும், அவ மாற வேணாம்" என்றார். பிறகு தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். "தப்பு என்னோடதுடா. நான் நடந்துதான் பார்த்தேன். நின்னு பார்க்கலையே."

ஆகவே அன்று முதல் அவர் நிற்க ஆரம்பித்தார். டீக்கடை வாசலில் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இடது செருப்பால் சிமெண்ட் தரையைச் சுரண்டுவார். நூறு தடவை சுரண்டினால் ஒரு டீ. ஜாக்கிகள் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒரு பையன் பவ்வியமாக அரை பிஸ்கட்டை அவர் வாய்க்கு எதிரே நீட்டினான். தஸ்தகீர் அதை வாங்கித் தின்றுவிட்டு மறுபடி சுரண்டினார்.

மேலே ஆணி அறைந்த பட்டை இழுபட்டால் கழலத்தான் செய்யும், அலுமினியம் மெத்து. எனவே லாடத்துக்குள்ளேயே பள்ளம் வெட்டினார், வாய் குறுகி வயிறு அகன்ற பள்ளம். அதற்குள் பக்கவாட்டில் பட்டையைச் செருகி, இரண்டு முனையையும் தட்டி மூடினால் அது எங்கே போகும்? ஆனால் பட்டை தீக்குச்சித் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. ரம்பத் தகட்டை வெட்டிப் போட்டார், தட்டும்போதே நொறுங்கிற்று. பழைய அரம், அதுவும் நொறுங்கிற்று. மெலியவும் வேண்டும், உடையவும் கூடாது என்றால் அப்படி ஒரு இரும்பு எங்கே இருக்கிறது என்று யோசித்தபடியே வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். எதிரே மனைவி மெஹ்ரூன் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாக்குவெட்டி ஜாம்நகரில் செய்தது. கைப்பிடியில் இரண்டு சின்னச் சலங்கை, அடித்து அடித்துப் பக்குவப்படுத்திய உருக்கு. மெஹ்ரூனின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. முப்பத்திரண்டு வருடம் கொட்டைப் பாக்கை வெட்டியும் கூர் மழுங்கவில்லை. தஸ்தகீர் தட்டில் சோற்றை அப்படியே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வீட்டில் பாக்குவெட்டியைக் காணோம். மெஹ்ரூன் அலமாரியைக் கவிழ்த்தாள், பாத்திரம் தேய்க்கிறவளைச் சந்தேகப்பட்டாள், கடைசியில் புருஷனிடம் வந்து நேராகக் கேட்டாள். தஸ்தகீர் அப்போது வாயில் ஆணி வைத்திருந்தார். வீட்டில் லாடம் அடிக்க எந்தக் குதிரையும் கிடையாது. இருந்தாலும் அன்றிலிருந்து பந்தய நாள் வரை, சாப்பிடும் நேரம் தூங்கும் நேரம் போக, அவர் வீட்டில் ஆணியும் வாயுமாகவே இருந்தார். ம் என்றார். ம்ஹூம் என்றார். மெஹ்ரூன் கடைப்பாக்கு வாங்கி மென்றுவிட்டு, இது பாக்கா மரத்தூளா என்று சுவரிடம் கேட்டாள்.

புதிய லாடம் ஒன்பது கிராம் கூடியிருந்தது. முன்னங்கால் இரண்டுக்குமான பன்னிரண்டு ஆணிகளையும் தஸ்தகீர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். அன்று சேட் கூடத் திட்டவில்லை.

பந்தயத்தன்று மைதானம் முழுக்கக் குதிரைகளின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தஸ்தகீர் கடைசி வளைவில் வேலிக்குக் கீழே குந்தி உட்கார்ந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல் நனைந்து கிடந்தது. லாடம் பறப்பதாக இருந்தால் அந்த வளைவில்தான் பறக்கும். பத்துக் குதிரைகள் சேற்றை வாரி அவர் முகத்தில் அடித்துவிட்டுப் போயின. அத்தனை கால்களுக்கு நடுவே அவளுடைய நாலும் பளிச்சென்று தெரிந்தன. "நாலும் இருக்கு!" என்று கத்திக்கொண்டே எழுந்தார். யார் ஜெயித்தது என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். சப்ஜா கழுத்து வித்தியாசத்தில் இரண்டாவது.

லாயத்தில் நோஷிர் சேட் குனிந்து இரண்டு முன்னங்கால்களையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தஸ்தகீரைப் பரம்பரையோடு சேர்த்து அரை மணி நேரம் திட்டினார். அதற்கு நடுவில் எங்கேயோ, இவள் மாத்தேரானுக்குப் போகவில்லை என்பதும் வந்தது. தோண்டிபா சப்ஜாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் அவன் பைக்குள் மூக்கை நுழைத்து காரி தேடினாள்.

அடுத்த நாள் காலை லாயத்து வாசலில் ஒரு கறுப்பு பர்தா வந்து நின்றது. மெஹ்ரூன். சூதாடுகிற இடம் என்று முப்பத்திரண்டு வருடமாக இந்தப் பக்கம் கால் வைக்காதவள். வீட்டில் எல்லா இடமும் தேடியாகிவிட்டது, பாக்கி இருப்பது இது ஒன்றுதான் என்று தோண்டிபாவிடம் சொன்னாள். உள்ளே வந்தவள் சட்டென்று நின்றாள். சப்ஜா தலையை ஆட்டியபோது சில்லென்று ஒரு சத்தம். கழுத்துக் கயிற்றில் இரண்டு சின்னச் சலங்கைகள். மெஹ்ரூனுக்கு அந்தச் சத்தத்தைத் தெரியாதா?

"என் பாக்குவெட்டி எங்க?"

தஸ்தகீர் வாயில் ஐந்து ஆணிகள். அவளைப் பார்த்தார். சப்ஜாவின் இடது முன்னங்காலைத் தூக்கித் தொடையில் வைத்து, சேற்றைத் துணியால் துடைத்தார். அலுமினியத்தின் நடுவே தீக்குச்சித் தடிமனில் உருக்கு ஒரு கோடாக மின்னியது. மெஹ்ரூன் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு குனிந்தாள். விரலால் தொட்டாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினாள்.

"சரி, இது பாதி" என்றாள். "இன்னொரு பாதி?"

தஸ்தகீர் அந்தக் காலை மெல்லக் கீழே வைத்தார். குதிரையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், வலது காலைத் தூக்கினார்.