ஏணியில் நின்ற விஞ்ஞானி

லென்ஸ் மேடத்துக்குக் காலையிலேயே கோபம் வந்துவிட்டது. கல்லூரிக் கலையரங்கத்தின் வாசலில் ஒரு பெரிய பலகை. ‘இயற்பியல் படித்தவர்கள் இன்று எங்கே?’ என்று தலைப்பு. கீழே பழைய மாணவர்களின் படங்கள். அதில் அவள் படமும் இருந்தது. ‘கல்வித் துறையில் தொழில்முனைவோர்’ என்று போட்டிருந்தார்கள். சாயங்காலத்தில் வீட்டு முன்னறையில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுப்பதற்குத்தான் இந்தப் பட்டம். இதே கல்லூரியில் வருடக்கணக்காக மணிக்கூலி ஆசிரியையாக உப்புக்குச் சப்பாணிபோல இருப்பதை எழுத அவர்களுக்கே கூசியிருக்கும்.

பூதக்கண்ணாடிபோலக் கனமான கண்ணாடியும் அவள் நடத்தும் ஒளியியல் பாடமும் சேர்ந்து கொடுத்த பெயர்தான் லென்ஸ் மேடம். அவளும் இங்கேதான் படித்தாள், வகுப்பில் முதலாவதாக. ‘இயற்பியல் படிச்சா எங்க வேணாலும் போகலாம்’ என்று அன்றைக்குச் சொல்லாத ஆளில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றால், உனக்கென்று ஒரு வாசலும் திறந்து வைக்கவில்லை என்று அர்த்தம். அது அவளுக்கு வெளியே வந்த பிறகுதான் புரிந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் “இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கே இடம் இல்ல” என்றார்கள். பள்ளிக்கூடத்தில் “ஆசிரியர் பயிற்சி முடிச்சிருக்கீங்களா?” என்றார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் “முனைவர் பட்டம் வாங்கிட்டு வாங்க” என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் வாங்கிக்கொண்டு போனால், “வயசு தாண்டிடுச்சேம்மா” என்று அனுதாபப்பட்டார்கள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு அளவு கணக்கிட இயற்பியல் படித்தவர்கள்தான் வேண்டும், அதற்கென்று தனிப் படிப்பு இருக்கிறது என்பது தெரிய வந்தபோது அவளுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. படிக்கிற காலத்தில் ஒரு வாத்தியாராவது வாயைத் திறந்திருக்கலாமே! வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

இந்த வருடம் இயற்பியலில் சேர ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. அதனால்தான் இன்றைக்கு இந்த வழிகாட்டிக் கூட்டம். போன வாரமே துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “புள்ளைங்க சேரலேன்னா துறைய மூடிடுவாங்க மேடம். உங்க மணிநேரமும் போயிடும். நீங்க மேடையில நல்லதா நாலு வார்த்தை பேசுங்க. உங்க அண்ணன் பொண்ணு ஸ்கூல் முடிச்சிருக்காமே, அவளையும் இங்கயே சேத்துவிடுங்க.”

அண்ணன் மகளை யாரும் இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் அத்தையின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய் வெயிலில் காகிதம் எரித்தவள் அவள். இயற்பியல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இப்போது அப்பாவோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் தொடங்கும் நேரம் பார்த்து ஏசி படுத்துவிட்டது. அரங்கம் வெந்தது. பெற்றோர்கள் அழைப்பிதழை விசிறியாக்கினார்கள். கடைத்தெருவிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். ஊரில் அவன் பெயர் கூலிங். லென்ஸ் மேடத்தோடு ஒரே வகுப்பில் படித்தவன். மேடைக்குப் பக்கத்தில் ஏணி போட்டு ஏறி, சத்தமில்லாமல் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

துறைத்தலைவருக்கு அவனைத் தெரியாது. திரையில் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டே வந்தார். மீசை முளைக்காத ஒரு பையனின் பழைய படம் வந்தது. “இவர் நம்ம மாணவர். இப்ப மிகுகுளிர் இயற்பியல் ஆய்வாளரா இருக்கார்!”

“சார், அது நான்தான் சார்!” என்றது ஏணி.

அரங்கமே சிரித்தது. பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டு விசாரித்தது லென்ஸ் மேடம்தான். ‘குளிர்சாதனம் பழுது பார்க்கிறார்’ என்று அவள் சொன்னதற்குத்தான் இப்படிக் கண்ணும் காதும் மூக்கும் வைத்திருக்கிறார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி வேண்டாமா என்பார்கள். கேட்கிறவன் பாவம், பிள்ளையின் எதிர்காலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். சொல்கிறவனுக்கு அல்லவா வெட்கம் வேண்டும்!

“வேலை முடிஞ்சா எறங்குப்பா” என்று துறைத்தலைவர் சீறினார்.

“எறங்கறேன் சார். விஞ்ஞானிய கொஞ்சம் மரியாதையா கூப்பிடுங்க.”

மறுபடியும் சிரிப்பு. லென்ஸ் மேடத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நேராகப் போய் மைக்கைப் பிடித்தாள்.

“அவரப் பாத்துச் சிரிக்காதீங்க. அவர் செய்யறது நல்ல வேலை. அத மறைச்சு இவங்க பொய் எழுதினதுதான் கேவலம். எங்கூடப் படிச்சதுல ஒருத்தி ஆஸ்பத்திரில கதிர்வீச்சு மெஷின் பாக்கறா. ஒருத்தர் பேங்க்ல இருக்காரு. ரெண்டு பேரு கம்ப்யூட்டர் கம்பெனில, ஒருத்தர் அளவுக் கருவி செய்யற ஃபேக்டரில. மீதிப் பேரு கெடைச்ச வேலையில. நல்ல வேலைக்குப் போனவங்க எல்லாரும் வெளியில போய் இன்னொண்ணு படிச்சுட்டுத்தான் போனாங்க. என்ன படிக்கணும்னு இங்க யாரும் எங்களுக்குச் சொல்லல. நான் தொழில்முனைவோர் இல்லைங்க. இங்க மணிக்கூலிக்குப் பாடம் எடுக்கறவ.”

துறைத்தலைவர் மைக் ஒயரைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் அண்ணன் மகள் எழுந்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

“அத்தை, அப்ப நான் இயற்பியல் படிக்கட்டுமா, வேணாமா?”

வேண்டாம் என்று சொன்னால் பொய். காகிதம் எரித்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? படி என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அதைவிடப் பெரிய பொய்.

“படி” என்றாள். “ஆனா இங்க வேணாம்.”

துறைத்தலைவர் ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அவள் நிறுத்தவில்லை.

“எந்தக் காலேஜுக்குப் போனாலும் முதல்ல லேபைத் திறந்து காட்டச் சொல்லு. கருவியத் தொட்டுப் பழகவிடற எடத்துல சேரு. அடுத்து என்ன படிச்சா எங்க வேலை கெடைக்கும்னு முதல் வருஷமே கேளு. பதில் சொல்லலேன்னா எந்திரிச்சு வந்துடு.”

“அப்ப இந்தக் காலேஜ் லேபைக் காட்டுங்களேன்” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“அங்க வேலை நடக்குது” என்றார் துறைத்தலைவர் அவசரமாக. “சாவி இப்ப இல்ல.”

“சாவி எங்கிட்டதான் இருக்கு” என்றாள் லென்ஸ் மேடம். “உள்ள வேலையும் நடக்கல, ஒண்ணும் நடக்கல. எலிதான் ஓடுது.”

கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். பின்னால் பெற்றோர்கள் எழுந்துகொள்ள, சேர் நகரும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

அண்ணன் வாசலில் வந்து பிடித்துக்கொண்டார். “என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? இருந்த வேலையும் போச்சே.”

“அது வேலையா அண்ணே?”

அண்ணன் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் அத்தையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

லென்ஸ் மேடம் பேனாவை எடுத்தாள். பலகையில் தன் படத்துக்குக் கீழே இருந்ததைக் காகிதம் கிழிய அடித்துவிட்டு, ‘வேலை தேடுகிறார்’ என்று எழுதினாள்.

ஏணியைத் தோளில் சாத்திக்கொண்டு கூலிங் பின்னாலேயே வந்தான். எட்டிப் பார்த்தான்.

“எனக்கும் மாத்திடு. ஏசி மெக்கானிக்னு பெரிசா போடு. அப்படியே கடை நம்பரையும் எழுது.”

எழுதினாள். கோபம் மட்டும் தீரவில்லை.